அடிப்படை உரிமை மீறல் மனு: முதல் நாளிலிருந்து புதுக்கடை வரை

இலங்கையில் அரச அதிகாரி ஒருவரால் உங்கள் அடிப்படை உரிமை மீறப்பட்டால், கீழ் நீதிமன்றங்கள் எதையும் தொடாமல் கொழும்பு புதுக்கடையில் உள்ள, நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்கு நேரே போகலாம். 1978 அரசியலமைப்பின் 17ஆம், 126ஆம் உறுப்புரைகள் இந்த வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. அதே 126ஆம் உறுப்புரைதான் ஒரு மாதக் கெடுவையும் விதித்திருக்கிறது.

மனு எழுத வருகிறவர்களோடு உட்கார்ந்து ஆவணங்களை ஒழுங்குபடுத்தும் வேலையைச் செய்து வருகிறேன். நான் பார்த்தவரை, நியாயம் இல்லாததால் தோற்றவர்களை விட, செய்ய வேண்டியதை ஒழுங்கு மாறிச் செய்து தோற்றவர்களே அதிகம். அதனால் எதை எதற்கு முன் செய்ய வேண்டும் என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இது சட்டத்தரணிக்கு மாற்று அல்ல. சட்டத்தரணியிடம் போகும்போது நீங்கள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் வழிகாட்டி.

1. முதலில் திகதியை எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். மீறல் நடந்த திகதியை மேலே எழுதுங்கள். அதற்குக் கீழே ஒரு மாதம் முடியும் திகதியை எழுதுங்கள். இடமாற்றக் கடிதம் மார்ச் 5ஆம் திகதி கைக்கு வந்தால், ஏப்ரல் 4 என்று குறித்துக்கொள்ளுங்கள். அது சனி, ஞாயிறு அல்லது விடுமுறை நாளாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாளே உங்கள் கடைசி நாள். ஒரு நாள் முன்னதாகக் கணக்கு வைத்தால் நட்டம் இல்லை. ஒரு நாள் பிந்தினால் மொத்த மனுவும் போகும்.

கடிதம் வந்த உறையையும் எறியாதீர்கள். கடிதத்தில் ஒரு திகதியும் தபால் முத்திரையில் இன்னொரு திகதியும் இருப்பது சாதாரணம். உங்களுக்கு அது எப்போது தெரியவந்தது என்று நிரூபிக்க அந்த உறைதான் உதவும்.

மேலதிகாரிக்கு மேன்முறையீடு செய்தேன், அமைச்சுக்கு எழுதினேன், ஜனாதிபதி செயலகத்துக்கும் அனுப்பினேன், பதிலுக்காகக் காத்திருந்தேன் என்று சொல்லி வருகிறவர்கள் ஏராளம். காத்திருந்த அந்தக் காலம் முழுவதும் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதி, 1988இன் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த தீர்ப்பொன்று இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. மீறல் நடந்த நேரத்திலிருந்து காலம் ஓடும். மற்றவர்களோடு ஒப்பிட்டால்தான் பாகுபாடு தெரியவரும் என்ற நிலை இருந்தால், அது தெரியவந்த பிறகே காலம் ஓடும். வேறு நிவாரணங்களை நாடிப் போவது அந்த ஓட்டத்தை நிறுத்தாது (மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டும் உள்ள விலக்கு 5ஆம் பகுதியில் வரும்). மனுதாரர் பக்கம் எந்தத் தவறும் தாமதமும் இல்லாமல், வரவே முடியாத நிலை இருந்திருந்தால் மட்டும் பிந்திய மனுவை ஏற்கும் தற்றுணிபு, அதாவது தானே தீர்மானிக்கும் அதிகாரம், நீதிமன்றத்துக்கு உண்டு.

அந்தக் கடைசி விலக்கு முக்கியமாகப் பொருந்துவது தடுப்பில் இருந்தவர்களுக்கு. அடைத்து வைக்கப்பட்டு, சட்டத்தரணியைக் காணவே முடியாமல் இருந்தவரால் மனு போட்டிருக்க முடியாது என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்திருக்கிறது. ஆனால் வெளியே வந்த பிறகு வீட்டில் இருந்து யோசித்த நாட்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மேன்முறையீடு செய்யவே கூடாதா? தாராளமாகச் செய்யுங்கள். அதை ஒரு பக்கம் அனுப்பிவிட்டு, மறுபக்கம் மனுவுக்கான வேலையைத் தொடருங்கள்.

2. செய்தது அரசா என்று பாருங்கள்

17ஆம் உறுப்புரை நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலைப் பற்றியே பேசுகிறது. பொலிஸ், இராணுவம், அமைச்சுகள், பிரதேச செயலகங்கள், மாகாண சபை, உள்ளூராட்சி சபைகள், அரச பாடசாலைகள், அரச பல்கலைக்கழகங்கள் எல்லாம் இதற்குள் வரும். அரச கூட்டுத்தாபனம் அல்லது அரச வங்கி என்றால், அதன் மீது அரசுக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைச் சட்டத்தரணியிடம் விட்டுவிடுங்கள்.

தனியார் கம்பனி வேலையிலிருந்து நிறுத்தியது, பக்கத்துக் காணிக்காரர் வேலியை நகர்த்தியது போன்றவை இந்த வழியில் போகாது. ஆனால் பக்கத்துக் காணிக்காரர் அடித்ததை முறையிடப் போனபோது பொலிஸ் அந்த முறைப்பாட்டை எடுக்க மறுத்தால், அந்த மறுப்பு நிர்வாகச் செயல். வாசலில் திருப்பி அனுப்பப்படும் பலர் கவனிக்காத வேறுபாடு இது.

செய்யாமல் விட்டதும் மீறலாகும். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் தொடர்பான மனுக்களில் உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பளித்தது. முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாயும், அன்றைய பொலிஸ் மா அதிபர் 7.5 கோடி ரூபாயும் இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு கட்டளையிட்டது. ஆகவே “அவர்கள் ஒன்றும் செய்யவில்லையே, எப்படி வழக்குப் போடுவது” என்று தயங்க வேண்டாம். செய்ய வேண்டிய கடமை ஒருவருக்கு இருந்ததா என்பதே கேள்வி.

நீதவான் கொடுத்த கட்டளை தவறு என்பது உங்கள் குறையானால், அது நீதித்துறைச் செயல். அதற்கு மேன்முறையீடு, மீளாய்வு என்று வேறு வழிகள் உண்டு. நாடாளுமன்றம் நிறைவேற்றி முடித்த சட்டமே அநியாயமானது என்பதும் இங்கே எடுபடாது. இலங்கையில் சட்டமூலமாக இருக்கும்போதுதான் அதைச் சவாலுக்கு உட்படுத்தலாம். அந்தச் சட்டத்தை ஓர் அதிகாரி உங்கள் மீது பிரயோகித்த விதம் தவறு என்றால் மட்டும் இந்தக் கதவு திறக்கும்.

3. எந்த உறுப்புரை என்று பொருத்துங்கள்

அடிப்படை உரிமைகள் 10ஆம் உறுப்புரையில் தொடங்கி 14அ வரை போகின்றன. நடைமுறையில் பெரும்பாலான மனுக்கள் மூன்று இடங்களில் வந்து நிற்கும்.

11ஆம் உறுப்புரை சித்திரவதையையும் கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்துகையையும் தடை செய்கிறது. இதற்கு எந்த மட்டுப்பாடும் கிடையாது. அவசரகாலச் சட்டம், பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று எதைக் காட்டியும் இதைக் குறைக்க முடியாது.

12(1) சட்டத்தின் முன் சமத்துவம். இடமாற்றம், பதவி உயர்வு, தரம் ஒன்று பாடசாலை அனுமதி, காணி, அனுமதிப்பத்திரம் என்று அதிகாரி எதேச்சையாக முடிவெடுத்த எதுவும் இதன் கீழ் வரலாம். 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைப் பற்றியது.

13ஆம் உறுப்புரை கைது தொடர்பானது. காரணம் சொல்லாமல் கைது செய்தால் 13(1). உரிய நேரத்தில் நீதவான் முன் நிறுத்தாமல் வைத்திருந்தால் 13(2). சாதாரண குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் அந்த நேரம் 24 மணித்தியாலம்.

14ஆம் உறுப்புரை பேச்சு, ஒன்றுகூடல், தொழிற்சங்கம், நடமாட்டம் போன்ற சுதந்திரங்களைத் தருகிறது. 14அ தகவல் அறியும் உரிமை. 2015இல் 19ஆம் திருத்தம் கொண்டுவந்தது. இவ்விரண்டும் பிரஜைகளுக்கு மட்டும். 11, 12(1), 13 ஆகியவை பிரஜை அல்லாதவர்களுக்கும் உண்டு.

நம்மவர்கள் பெரும்பாலும் தவற விடுவது ஒன்று இருக்கிறது. 126ஆம் உறுப்புரை அடிப்படை உரிமைகளை மட்டும் காப்பதில்லை. நான்காம் அத்தியாயத்தில் உள்ள மொழி உரிமைகளையும் காக்கிறது. தமிழில் எழுதிய கடிதத்துக்கு அரச அலுவலகம் சிங்களத்தில் மட்டும் பதில் அனுப்பினால், அதுவும் இதே நீதிமன்றத்துக்கு, இதே ஒரு மாதத்துக்குள் கொண்டு போகக்கூடிய விடயம்.

உயிர் வாழும் உரிமை என்று தனி உறுப்புரை இலங்கை அரசியலமைப்பில் இல்லை. ஆனாலும் பொலிஸ் தடுப்பில் தாக்கப்பட்டு இறந்தவர் தொடர்பாக 2003இல் வெளிவந்த தீர்ப்பில், இருக்கும் உறுப்புரைகளிலிருந்தே அந்த உரிமையை வாசித்தெடுத்து, இறந்தவரின் மனைவிக்கு மனுச் செய்யும் உரிமை உண்டு என்று உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இறந்தவரோடு வழக்கும் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

கிடைத்த எல்லா உறுப்புரைகளையும் அடுக்க வேண்டாம். சம்பவத்தோடு ஒட்டும் ஒன்று, இரண்டு, அதிகபட்சம் மூன்று போதும். ஒட்டாதவற்றைச் சேர்த்தால் மனுவின் கூர்மை போய்விடும்.

4. சான்றுகளை முதல் வாரத்திலேயே திரட்டுங்கள்

அடிப்படை உரிமை வழக்கில் வழக்கமாகச் சாட்சிக்கூண்டு கிடையாது. சாட்சிகளை ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது போன்ற காட்சிகளை எதிர்பார்க்காதீர்கள். நீதியரசர்கள் பார்ப்பது சத்தியக்கடதாசிகளையும் (சத்தியம் செய்து ஒப்பமிட்ட எழுத்து வாக்குமூலங்கள்) இணைப்புகளையும் மட்டுமே. தாளில் இல்லாதது நடக்கவில்லை என்றே ஆகிவிடும்.

உடல் காயம் இருந்தால் அரச வைத்தியசாலைக்குப் போங்கள், அதுவும் அன்றே. தனியார் மருந்தகத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்தால் காயத்தைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும் வாய்ப்பு போய்விடும். அனுமதிக்கும் டொக்டர் “என்ன நடந்தது” என்று கேட்பார். நீங்கள் சொல்வதை அப்படியே நோயாளர் குறிப்பில் எழுதுவார். பயத்தில் “படியில் விழுந்தேன்” என்று சொன்னால், மாதக்கணக்கில் கழித்து எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒற்றை வரியைத்தான். யார் அடித்தது, எங்கே வைத்து, எதனால் அடித்தது என்று சொல்லுங்கள். வைத்தியசாலைப் பொலிஸ் காவலரணிலும் அதையே சொல்லுங்கள். காயத்தைப் படம் எடுக்கும்போது முகமும் ஒரு படத்தில் தெரியட்டும். தொலைபேசியில் உள்ள மூலப் படத்தை அழிக்காதீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் எடுத்த நேர விவரம் நிற்காது.

நீதவான் முன் நிறுத்தப்பட்டால் அங்கேயும் காயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டத்தரணி அதை வழக்கேட்டில் பதியச் செய்வார். உங்களைப் பற்றி நீதவானிடம் பொலிஸ் தாக்கல் செய்த விசாரணை அறிக்கையான பீ அறிக்கையினதும் வழக்கேட்டினதும் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகளுக்கு உடனே விண்ணப்பியுங்கள்; அவை கிடைக்க நாட்கள் எடுக்கும்.

பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கும்போது அது சிங்களத்தில் எழுதப்படுவது இன்றும் நடக்கிறது. தமிழில் பதியும்படி கேளுங்கள். மறுத்தால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட “சிங்களத்தில் எழுதப்பட்டது, எனக்கு வாசித்து விளக்கப்படவில்லை” என்று தமிழில் எழுதிவிட்டு ஒப்பமிடுங்கள். அந்த ஒரு வரி பிறகு பெரிய பாதுகாப்பு. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

நிர்வாக விடயம் என்றால் சான்று முழுவதும் காகிதம்தான். நியமனக் கடிதம், சேவைப் பிரமாணக் குறிப்பு, சுற்றறிக்கை, நேர்முகப் புள்ளித்தாள், மேன்முறையீட்டின் பிரதி, பதிவுத் தபால் துண்டு. பாடசாலை அனுமதியில் “இன்னாரின் பிள்ளைக்குக் கொடுத்தார்கள், எங்களுக்கு இல்லை” என்று சொன்னால் போதாது. அந்த வருடச் சுற்றறிக்கைப்படி உங்களுக்கு எத்தனை புள்ளி கிடைத்திருக்க வேண்டும், எத்தனை போட்டார்கள், எந்த வரியில் குறைத்தார்கள் என்று காட்ட வேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நல்ல ஆயுதம். ஆனால் முடிவைச் சொல்லவே அவர்களுக்கு 14 வேலை நாட்கள் உண்டு. தகவலைக் கொடுக்க அதற்கு மேலும் நாட்கள் உண்டு. கணக்குப் பாருங்கள், மாதம் முடிந்துவிடும். விண்ணப்பத்தை முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் போடுங்கள். பதில் வராவிட்டால் விண்ணப்பத்தின் பிரதியை மனுவில் இணைத்து, ஆவணம் பிரதிவாதியிடம் இருக்கிறது, கேட்டும் தரவில்லை என்று எழுதலாம். தனி ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணித்தியாலத்தில் பதில் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தடுப்பில் உள்ளவரின் குடும்பம் இதை விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும்.

5. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள், ஆனால் அதை நம்பிப் படுக்காதீர்கள்

இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை, கல்முனை, கண்டி, பதுளை உட்படப் பல இடங்களில் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. தமிழில் எழுதிக் கொடுக்கலாம். அவசரமென்றால் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஒருவர் கைதாகி எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்றே தெரியாத நேரத்தில் முதலில் செய்ய வேண்டிய அழைப்பு அது.

இந்த முறைப்பாட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது.

இதைக் கேள்விப்பட்டவுடன் பலரும் “முறைப்பாடு போட்டாச்சு, இனி அவசரமில்லை” என்று இருந்துவிடுகிறார்கள். இங்கேதான் ஆபத்து. சட்டம் சொல்வது விசாரணை நிலுவையில் உள்ள காலத்தை. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, ஆணைக்குழு உண்மையில் விசாரணையைத் தொடங்கி நடத்திக்கொண்டிருந்தது என்று காட்ட வேண்டும் என்று பிற்காலத் தீர்ப்புகள் வலியுறுத்தியிருக்கின்றன. ஆகவே அலுவலகத்தைத் தொடர்ந்து நாடுங்கள். விசாரணைக்கு அழைத்த கடிதம், எதிர்த்தரப்பிடம் அறிக்கை கேட்ட கடிதம், விசாரணை நிலுவையில் உள்ளது என்ற உறுதிக் கடிதம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

என் உறுதியான ஆலோசனை: 13ஆம் பிரிவு கிடையாது என்றே நினைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் மனுவைப் போட முயலுங்கள். முடியாமல் போனால் மட்டும் அந்தப் பிரிவு உங்களைத் தாங்கட்டும். பொலிஸ் ஆணைக்குழு, ஒம்புட்ஸ்மன் (நிர்வாகத்துக்கு எதிரான முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரி), நாடாளுமன்றப் பொது மனுக் குழு எதற்கும் கெடுவை நிறுத்தும் இந்தச் சக்தி கிடையாது.

ஆணைக்குழுவில் தமிழில் எழுதிக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். ஏன் என்பது 7ஆம் பகுதியில் வரும்.

6. சட்டத்தரணியைத் தேடுங்கள்

முதல் பத்து நாட்களுக்குள் சட்டத்தரணியைச் சந்தித்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் போனால், நல்ல சட்டத்தரணி கையில் எடுக்கத் தயங்குவார். எடுப்பவர் அவசரத்தில் எழுதுவார்.

வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மாவட்ட நகரங்களில், பெரும்பாலும் நீதிமன்றக் கட்டடங்களிலோ அவற்றை ஒட்டியோ அதன் அலுவலகங்கள் இருக்கின்றன. வருமானத்தைக் காட்டும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழைக் கையோடு கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். மனுவை நீங்களே முன்வைக்கவும் அரசியலமைப்பு இடம் தருகிறது. ஆனால் விதிமுறைகள் இறுக்கமானவை. வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் அதை யோசியுங்கள்.

தடுப்பில் உள்ள மகனுக்காகத் தாய் வந்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். பாதிக்கப்பட்டவர் தாமாகவோ, அவர் சார்பில் ஒரு சட்டத்தரணியோ மனுச் செய்யலாம் என்பதே 126(2)இன் வாசகம். எனவே பாதுகாப்பான வழி, மகன் சார்பில் சட்டத்தரணியே மனுதாரராக நின்று போடுவது. தாய் தான் கண்டதைச் சத்தியக்கடதாசியாகக் கொடுத்து அதைத் தாங்கலாம்.

போகும்போது ஒரு திகதி வரிசையைக் கொண்டு போங்கள். ஒரு பக்கம் போதும். இடப் பக்கத்தில் திகதியும் நேரமும், நடுவில் நடந்தது, வலப் பக்கத்தில் அதற்கான ஆவணம். ஆவணம் இல்லாத வரிகளை மறைக்காமல் “இல்லை” என்று எழுதுங்கள். இந்த ஒரு தாள் இருந்தால் சட்டத்தரணியின் முதல் மணித்தியாலம் வீணாகாது.

7. மனுவையும் சத்தியக்கடதாசியையும் வரி வரியாகப் பாருங்கள்

உயர் நீதிமன்றத்தில் வேலைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால் உங்கள் மனு ஆங்கிலத்தில் எழுதப்படும். உங்களுக்கு ஆங்கிலம் ஓடாது என்றால், சத்தியக்கடதாசியைத் தமிழில் முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். சத்தியம் செய்வது நீங்கள்தான். சட்டத்தரணியின் உதவியாளர் அல்ல.

வாசிக்கும்போது, ஆணைக்குழுவுக்குக் கொடுத்த தமிழ் முறைப்பாட்டின் பிரதியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே “இரண்டு பேர் அடித்தார்கள்” என்றும் இங்கே நான்கு பேர் என்றும் இருந்தால் அரச தரப்புக்கு அது போதும். நேரம், இடம், ஆட்களின் எண்ணிக்கை, அடித்த பொருள் ஆகிய நான்கையும் வைத்தியசாலைக் குறிப்பு, பொலிஸ் முறைப்பாடு, ஆணைக்குழு முறைப்பாடு, சத்தியக்கடதாசி நான்கிலும் ஒப்பிடுங்கள். உண்மையாகவே முன்னர் தவறாகச் சொல்லியிருந்தால் அதை ஒளிக்காமல், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்ற காரணத்தோடு சத்தியக்கடதாசியிலேயே எழுதிவிடுங்கள்.

உங்களுக்குப் பாதகமான உண்மையை விழுங்குவதும் இதே வகை. முன்னர் ஒழுக்காற்று விசாரணை நடந்திருந்தால், இதே விடயத்துக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு (அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யவோ கடமையைச் செய்விக்கவோ கேட்கும் மனு) இருந்தால், நீங்கள் ஒப்பமிட்ட சம்மதக் கடிதம் எங்காவது இருந்தால், அதைச் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லுங்கள். முக்கிய உண்மையை மறைத்து வந்தவர் என்று தெரிந்தால், மீறல் நடந்ததா இல்லையா என்று பார்க்காமலே நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட முடியும்.

சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன் நேரில் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு முத்திரை வைத்து வாங்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வேண்டாம். இடமும் திகதியும் இருக்கின்றனவா, வாசித்து விளக்கப்பட்டது என்ற வரி இருக்கிறதா, முத்திரையில் அவரின் பெயர் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இந்தக் குறைகளை வைத்தே ஆரம்ப ஆட்சேபனை எழுப்பப்பட்ட மனுக்கள் உண்டு.

8. பிரதிவாதிகளைச் சரியாகப் பெயரிடுங்கள்

செய்தவரைப் பெயராலும் பதவியாலும் குறிப்பிட வேண்டும். “பொறுப்பதிகாரி, பொலிஸ் நிலையம்” என்று மட்டும் போட்டால், யார் மீது பொறுப்பைச் சுமத்துவது என்ற கேள்வி கடைசியில் தொங்கும். பெயர் தெரியாவிட்டால் சட்டைப் பட்டி இலக்கம், வாகன இலக்கம், கடமை நேரம் எதுவாயினும் எழுதுங்கள். அதை வைத்துப் பின்னர் அடையாளம் காணலாம். சட்டமா அதிபரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். பதவியில் உள்ள ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயலை எதிர்ப்பதானால், 35ஆம் உறுப்புரைப்படி அவருக்குப் பதிலாகச் சட்டமா அதிபரையே பிரதிவாதியாக்குவார்கள்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது மூன்றாம் தரப்பில். உங்கள் பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிருந்தால், நீங்கள் வெல்லும்போது பாதிக்கப்படப் போகிறவர் அவர். அவரைக் கேட்காமல் நீதிமன்றம் அவருக்குப் பாதகமாகக் கட்டளை கொடுக்காது. “அவரோடு எனக்குப் பகை இல்லை, ஏன் இழுப்பது” என்று விட்டுவிட்டால், தேவையான தரப்பு இல்லை என்ற காரணத்தாலேயே மனு விழலாம். அவரைச் சேர்ப்பது குற்றம் சாட்டுவதாகாது என்பதை அவருக்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒரே அலுவலகத்தில் தொடர்ந்து வேலை செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

முகவரிகளையும் சரிபாருங்கள். தவறினால் அறிவித்தல் திரும்பி வரும், தவணை தள்ளிப்போகும்.

9. எதைக் கேட்கிறீர்கள் என்று தீர்மானியுங்கள்

உரிமை மீறப்பட்டது என்ற பிரகடனம், இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவை வழமையானவை. இவற்றோடு நிற்காதீர்கள். நியாயமும் ஒப்புரவும் எனத் தோன்றும் எந்த நிவாரணத்தையும் வழங்க 126(4) நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இடமாற்றத்தை ரத்துச் செய்வது, பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்படி பணிப்பது, அதிகாரிக்கு எதிராக ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப் பணிப்பது என்று உங்களுக்கு உண்மையில் தேவையானதைத் தெளிவாகக் கேளுங்கள்.

வழக்கு முடியும் வரை காத்திருந்தால் பயனற்றுப் போகும் விடயத்துக்கு இடைக்காலக் கட்டளை கேட்க வேண்டும். பாடசாலைத் தவணை தொடங்கிவிடும், இடமாற்றம் அமுலுக்கு வந்துவிடும் என்றால் அந்தத் திகதியை மனுவில் எழுதி, சீக்கிரம் எடுக்கும்படி சட்டத்தரணியை மன்றில் கோரச் சொல்லுங்கள்.

சித்திரவதை விடயத்தில், 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதிகாரி மீது குற்றவியல் வழக்கும் தொடரப்படலாம். அது சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் தொடரும் தனி வழக்கு. அடிப்படை உரிமை மனுவால் யாரும் சிறைக்குப் போவதில்லை என்பதைக் குடும்பத்துக்கு முதலிலேயே விளங்கப்படுத்துங்கள். பிறகு ஏமாற வேண்டியதில்லை.

10. தாக்கலும் அனுமதிக் கட்டமும்

மனு கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றப் பதிவகத்தில் தாக்கலாகும். வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து வருகிறவர்கள் பயணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடைசி நாளில் இரவு பஸ் ஏறிக் காலையில் போய் இறங்கி, ஓர் இணைப்பின் பிரதி தெளிவில்லை என்று திருப்பப்பட்டால் திருத்த நேரம் இருக்காது. மீறல் நடந்த நாளிலிருந்து இருபதாம் நாளையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். தாக்கல் செய்ததும் வழக்கு இலக்கத்தையும் பதிவக முத்திரை விழுந்த பிரதியையும் வாங்கி வைத்திருங்கள்.

அடுத்தது அனுமதிக் கட்டம். குறைந்தது இரண்டு நீதியரசர்கள் முன் சட்டத்தரணி மனுவை ஆதரித்துப் பேசுவார். மேலோட்டமாகப் பார்க்கையில் மீறல் தெரிகிறதா, உரிய காலத்தில் வந்ததா என்று பார்த்து, மனுவை விசாரணைக்கு எடுக்க அனுமதி கொடுப்பார்கள், அல்லது மறுப்பார்கள். பெருமளவு மனுக்கள் விழுவது இந்த வாசலில்தான். எந்த உறுப்புரையின் கீழ் அனுமதி கிடைத்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று உறுப்புரைகளைக் கேட்டு ஒன்றுக்கு மட்டும் அனுமதி கிடைத்தால், மிச்ச வழக்கு அந்த ஒன்றைச் சுற்றியே நடக்கும்.

கெடு தவறிவிட்டது என்றால், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 140ஆம் உறுப்புரையின் கீழ் எழுத்தாணை மனுவுக்கு இடம் இருக்கிறதா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். அதற்கு ஒரு மாதக் கெடு இல்லை. ஆனாலும் காரணமற்ற தாமதத்தை அங்கேயும் மன்னிக்க மாட்டார்கள்.

11. அனுமதி கிடைத்த பிறகு

பிரதிவாதிகள் ஆட்சேபனைகளைத் தாக்கல் செய்வார்கள். அவற்றுக்கு நீங்கள் பதில் சத்தியக்கடதாசி கொடுக்கலாம். ஆட்சேபனையோடு அவர்கள் இணைக்கும் ஆவணங்களில், நீங்கள் தகவல் விண்ணப்பத்தில் கேட்டும் கிடைக்காத பக்கங்கள் இருக்கக்கூடும். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து வாசியுங்கள். பொலிஸ் குறிப்புப் புத்தகத்தில் கைது நேரம் ஒன்றாகவும், பீ அறிக்கையில் வேறாகவும் இருப்பதைச் சட்டத்தரணியை விட வேகமாகக் கண்டுபிடிக்கக்கூடியவர் அன்று அங்கே இருந்த நீங்கள்தான்.

மனுவை இரண்டு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 126(5) சொல்கிறது. நடைமுறையில் வருடங்கள் போகின்றன. அதற்குள் வீடு மாறினாலும் தொலைபேசி இலக்கம் மாறினாலும் சட்டத்தரணிக்கு அறிவியுங்கள். மூல ஆவணங்களை எவரிடமும் நிரந்தரமாகக் கொடுக்காதீர்கள்; கொடுத்தால் பட்டியல் எழுதி ஒப்பம் வாங்குங்கள்.

சமரசம் பேச ஆள் வருவதும் உண்டு, குறிப்பாகப் பொலிஸ் வழக்குகளில். வந்தால், எதையும் வீட்டில் வைத்து ஒப்பமிடாமல் சட்டத்தரணி மூலம் மன்றுக்குக் கொண்டு போங்கள். மிரட்டல் என்றால், திகதியும் நேரமும் வந்தவரின் பெயரும் எழுதி, அன்றே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் புதிய முறைப்பாடு போடுங்கள். அது தனி மீறலாகலாம். அதற்கான ஒரு மாதமும் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும்.